எழுத மாட்டேன் என்கிற பிள்ளையிடம் மைக்கைக் கொடுத்துப் பாருங்கள்

[திரை: கோடு போட்ட நோட்டு. மேலே தலைப்பு மட்டும் இருக்கிறது. ஒரு பென்சில் முனை தாளைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.]

"மழைநாள் பற்றிப் பத்து வரி எழுதுங்கள்." மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இப்படிச் சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் வரும்: "டீச்சர், எட்டு வரி போதுமா?"

இதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரொம்ப நியாயமான கேள்வி அது. எழுதுவதைப் படிக்கப் போவது ஒரே ஒருவர். மழை பற்றி அவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். சிவப்புப் பேனாவோடுதான் படிக்க உட்காருவார். இந்த நிலையில், எப்போது முடியும் என்பதைத் தவிரப் பிள்ளைக்குத் தெரிந்துகொள்ள வேறென்ன இருக்கிறது?

அதே பிள்ளை இடைவேளையில் நண்பனிடம் என்ன செய்கிறான் என்று பாருங்கள். நேற்று வீட்டுக்குள் பல்லி விழுந்த கதையை மூச்சு விடாமல் சொல்கிறான். நடுவில் "இரு, இரு, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்று தானே திருத்திக்கொள்கிறான். சொல்ல விஷயம் இருக்கிறது, வரிசைப்படுத்தத் தெரிகிறது. கேட்க ஆள் இருப்பதால் வருகிறது.

அந்த 'கேட்கும் ஆளை' எழுத்துக்கும் கொண்டுவர ஒரு வழியைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். வகுப்பே சேர்ந்து ஒரு செய்தி அறிக்கையோ ஒலிச் சித்திரமோ சின்ன அசைவுப் படமோ தயாரிப்பது.

[திரை: பழைய கை அச்சு இயந்திரம். ஈய எழுத்துகளை அடுக்கும் சின்னக் கைகள், ஓவியமாக.]

இது செல்போன் வந்த பிறகு பிறந்த யோசனை இல்லை. பிரான்ஸில் செலஸ்டின் ஃப்ரெனே என்று ஓர் ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். வகுப்பில் நெடுநேரம் பேசிப் பாடம் நடத்த அவரால் முடியாது. 1920களில் தன் வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதினார்கள், ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கி அச்சடித்தார்கள், பிரான்ஸின் மறு மூலையில் பிரிட்டனியில் இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் தாள்கள் வந்தன. ஒவ்வோர் எழுத்தையும் விரலால் எடுத்து வைக்க வேண்டும் என்றால் வேண்டாத சொல் எது என்று தானாகக் கண்ணில் படும். கடலே பார்க்காத ஒருவருக்கும் புரிய வேண்டும் என்றால் கடலைப் பற்றி எழுதுவதே வேறு மாதிரி ஆகிவிடும்.

1926இல் போலந்தின் வார்சாவில், அநாதை இல்லம் ஒன்றை நடத்திவந்த மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் இன்னும் ஒரு படி மேலே போனார். பெரியவர்களின் நாளிதழோடு சேர்ந்து வாராவாரம் வெளிவரும் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். எழுதியவர்கள் குழந்தைகள். ஊர் ஊராக அவர்களே நிருபர்கள்.

நம்மிடம் அச்சு இயந்திரம் இல்லை, போன் இருக்கிறது. வசதி கூடியிருக்கிறது, கூடவே ஓர் ஆபத்தும். போனில் எழுதாமலேயே எதையாவது எடுத்துவிடலாம். இந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரே பெரிய விஷயம் இதுதான். "எழுதி முடித்தால் வீடியோ எடுக்க விடுவேன்" என்றால் அது லஞ்சம். பிள்ளை லஞ்சத்துக்காக அவசர அவசரமாக எதையோ கிறுக்கிவிட்டுக் கேமராவை நோக்கி ஓடுவான். எழுதியது கையில் இல்லாவிட்டால் வேலை நகரவே நகராது என்னும்படி திட்டத்தைப் போட வேண்டும்.

அதனால்தான் என் யோசனை: முதல் தடவை வீடியோ வேண்டாம். ஒலியில் தொடங்குங்கள்.

[திரை கறுப்பாகிறது. சில நொடிகள் ஒலி மட்டும்: ஒரு மூடி உருளும் சத்தம், ஒரு டப்பா மூடப்படும் சத்தம்.]

காட்சி இருந்தால் மெலிந்த வாக்கியமும் தப்பித்துவிடும். "இதோ பாருங்கள்" என்று சொல்லிக் கேமராவைத் திருப்பிவிடலாம். ஒலியில் அது நடக்காது. நிறம், அளவு, இடம், யார் எங்கே நிற்கிறார்கள், எல்லாவற்றையும் சொல்லில்தான் கொண்டுவர வேண்டும். பதிவு செய்ய ஒரு போன் போதும். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருள் இருக்கிறது. அதை ஆசிரியர் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எதைப் பற்றி? பள்ளிக்குள்ளேயே இருக்கிற, ஆனால் யாரும் நின்று பார்க்காத ஒன்றை எடுங்கள். தொலைந்த பொருள்களைப் போட்டு வைக்கும் பெட்டி நல்ல உதாரணம். எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் முழுசாகத் தெரியாது.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதல் வரைவை இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

[திரை: பிள்ளைக் கையெழுத்தில் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக.]

"எங்கள் பள்ளியில் ஒரு பெட்டி உள்ளது. அதில் நிறையப் பொருள்கள் உள்ளன. அந்தப் பெட்டி மிகவும் பயனுள்ளது."

பிழை ஒன்றும் இல்லை. நோட்டில் எழுதியிருந்தால் ஒரு டிக் விழுந்து பக்கம் திரும்பியிருக்கும். இப்போது டிக் போடாமல், இதை ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒருவனுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவன் கேட்பான்: "என்ன பொருள்?" அவளுக்குப் பதில் தெரியாது. திறந்து பார்த்ததே இல்லை.

பெட்டியிடம் போகிறாள், எண்ணுகிறாள், குறித்துக்கொள்கிறாள். இரண்டாவது வரைவு வருகிறது.

"பெட்டியில் பதினொரு தண்ணீர் பாட்டில்கள். ஏழுக்கு மூடி இல்லை. ஒரு குடை. ஒரு ஷூ. ஒன்றே ஒன்றுதான். இதைத் தொலைத்தவர் இன்னொரு காலில் எதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்?"

'வர்ணனை சேர்த்து எழுது' என்று யாரும் சொல்லவில்லை. ஆறு வயசுப் பையன் ஒருவனின் இரண்டு சொல் கேள்வி போதுமானதாக இருந்தது. ஆசிரியருக்கு இதில் பத்திரிகை ஆசிரியர் வேலை. கேட்க வேண்டிய கேள்விகளும் அதிகம் இல்லை: "இதை யார் கேட்கப் போகிறார்கள்? அவர்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

[திரை: மைக்கின் முன் ஒரு தாள். ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கோடு.]

அடுத்தது பதிவு. நான் மிகவும் ரசிக்கும் கட்டம் இதுதான். வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: "எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கும் பச்சை நிறப் பெட்டியில் மாணவர்களால் தொலைக்கப்பட்ட பொருள்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன." இதை மைக்கில் வாசித்தால் 'பச்சை நிற'த்தில் மூச்சு தீர்ந்துவிடும். மறுபடி வாசிப்பாள். மறுபடியும் அங்கேதான். மூன்றாவது தடவை அவளே பென்சிலை எடுத்து வெட்டுவாள்: "தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே ஒரு பச்சைப் பெட்டி. நாம் தொலைத்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது." திருத்தி எழுதுவதைத் தண்டனையாக நினைக்கும் பிள்ளைகள், பதிவைக் கேட்ட பிறகு "இன்னொரு தடவை" என்று தாங்களே கேட்பார்கள். தன் குரலைத் தானே கேட்பது அவ்வளவு கறாரான வாத்தியார்.

தமிழில் எழுதும் பிள்ளைக்கு இங்கே இன்னொரு சிக்கலும் வரும், அது நல்ல சிக்கல். செய்தி வாசிப்பவர் "தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்பார். பேட்டி கொடுப்பவர் "தேடிட்டே இருக்காங்க" என்பார். ஒரே அறிக்கையில் இரண்டும் வேண்டும். எந்த இடத்தில் எது என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். பேச்சுத் தமிழ் தப்பு, எழுத்துத் தமிழ் சரி என்று வருடம் முழுக்கக் கேட்டு வளரும் பிள்ளை, இரண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது என்று கையால் செய்து கற்றுக்கொள்கிற அபூர்வமான சந்தர்ப்பம் அது.

பேட்டி என்றதும் கேள்விகள். அதுவும் எழுத்துதான், அதுவும் கஷ்டமான எழுத்து. "உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா?" என்று பள்ளிக் காவலரிடம் கேட்டால் "பிடிக்கும்" என்பார். முடிந்தது பேட்டி. வகுப்புக்குத் திரும்பி, "ஆமாம், இல்லை என்று பதில் வராத கேள்வியாக எழுதலாமா?" என்று கேளுங்கள். "இந்தப் பெட்டியில் கிடைத்ததிலேயே உங்களைச் சிரிக்க வைத்த பொருள் எது?" என்று ஒருவன் மாற்றி எழுதுவான். அந்தக் கேள்விக்குக் கதை வரும்.

[திரை: ஒரு பிள்ளை போனில் பேசுகிறான். பக்கத்தில் சின்னச் சின்ன அட்டைகள்.]

இப்போது, உண்மையிலேயே எழுத வராத பிள்ளைகள். கனடாவைச் சேர்ந்த கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் பிள்ளைகள் எழுதும் விதத்தை விரிவாக ஆராய்ந்தவர்கள். புதிதாக எழுதுபவர் தெரிந்ததை நினைவுக்கு வரும் வரிசையிலேயே கொட்டிவிடுகிறார், வாசிப்பவருக்காக அதை உருமாற்றுவது பின்னால்தான் கைகூடுகிறது என்று 1987இல் எழுதினார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஒற்றெழுத்து, கொம்பு, கால், ரகர றகர வித்தியாசம் என்று கையும் மனமும் எழுத்துகளோடு மல்லுக்கட்டும்போது, அடுத்த வாக்கியத்தை யோசிக்க இடம் ஏது?

ஒலித் திட்டத்தில் இந்தச் சுமையைப் பிரித்துப் போடலாம். அவன் முதலில் போனில் பேசட்டும். பிறகு தன் பேச்சையே கேட்டு, நல்ல இடங்களை மட்டும் அட்டைக்கு ஒரு வாக்கியமாக எழுதட்டும். அட்டைகளை மேஜையில் பரப்பி முன்பின்னாக மாற்றி வைத்துப் பார்க்கட்டும். வாக்கியங்களை நகர்த்தலாம் என்று பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரியவரும். நோட்டில் எழுதியது ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுகிறது, அட்டை நகர்கிறது.

எழுத்துப்பிழை? வரைவில் விட்டுவிடுங்கள். காதுக்கு வருவதில் சில பிழைகள் தெரியவே தெரியாது. வாசிக்கும் பிள்ளைக்குப் புரிந்தால் போதும். ஆனால் திரையில் வரும் தலைப்பு, பெயர்ப்பட்டியல், சுவரொட்டி, இவற்றில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது என்று கறாராக இருங்கள். சுவர் அகலத்துக்கு 'தொலைந்த பொறுள்' என்று தெரிந்தால் மொத்தப் பள்ளியும் பார்க்கும். எழுத்துக் கூட்டலுக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

[திரை: களிமண் பொம்மை ஒன்று துளித்துளியாக நகர்கிறது. மூலையில் படங்களின் எண்ணிக்கை ஏறுகிறது.]

ஒலியில் ஒரு சுற்று முடிந்தால், அசைவுப் படத்துக்குப் போகலாம். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி நகர்த்தி இன்னொன்று. ஒரு நொடிக்கு 12 போட்டோ என்று கணக்கு வைத்தால் அரை நிமிடப் படத்துக்கு 360. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். விடை வந்ததும் முகங்களைப் பாருங்கள். கதையை நடுவில் மாற்றினால் 100 போட்டோ வீண் என்று தெரிந்த பிறகு, காட்சித் திட்டம் எழுத யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்காது. வழக்கமாக 'முன்கூட்டியே திட்டமிடு' என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறளுமே, அது இங்கே மிச்சம்.

குழு பிரிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குழுவில் நன்றாக எழுதுகிறவள் ஒருத்தி இருப்பாள். ஸ்கிரிப்ட் முழுக்க அவள் தலையில் விழும். மற்ற நால்வரும் "நான் கேமரா", "நான் சவுண்ட்" என்று நழுவிவிடுவார்கள். கடைசியில் எழுதத் தேவையில்லாதவள் இன்னும் எழுதியிருப்பாள், எழுத வேண்டியவன் கேமராவைப் பிடித்திருப்பான். அதனால் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு தாள் வையுங்கள். கேமரா பிடிப்பவன் காட்சிப் பட்டியல் எழுதுவான், சவுண்ட் பார்ப்பவன் எந்த வரிக்குப் பின் என்ன சத்தம் என்று எழுதுவான், வாசிப்பவன் தன் வரிகளைத் தானே எழுதுவான். தாள் இல்லாமல் கருவி கைக்கு வராது.

நீளம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும். எதை வெட்டலாம் என்ற சண்டையைவிட நல்ல மொழி வகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

சில விஷயங்களை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் முகமோ குரலோ பதிவாவதால் பெற்றோரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பொதுவெளியில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை, பக்கத்து வகுப்பும் பெற்றோரும் போதும். பின்னணி இசைக்குப் பாட்டை எடுத்துப் போடாதீர்கள், அது இன்னொருவருடைய சொத்து. டப்பாவும் பென்சிலும் தட்டிப் பிள்ளைகளே செய்யட்டும்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் படத்துக்குப் போட வேண்டாம். நல்ல கேமரா கிடைத்த குழு முந்திவிடும். எல்லா வரைவுகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். முதல் வரைவையும் கடைசி வரைவையும் பக்கத்தில் வைத்து, என்ன மாறியது, ஏன் மாற்றினாய் என்று பிள்ளையிடமே கேளுங்கள். அந்தப் பதிலுக்குப் போடுங்கள்.

[திரை: ஒரு வகுப்பறை. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு.]

வெளியீட்டு நாளில் கைதட்டலோடு விட்டுவிடாதீர்கள். கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டைக் கொடுத்து, தயாரித்த குழுவுக்கு ஒரு கேள்வி எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை படம் வரைந்துகூடக் கேட்கலாம். மறுநாள் காலையில் அந்தக் குழுவின் மேஜை மேல் இருபது முப்பது சீட்டுகள் கிடக்கும். பாதிச் சீட்டில் ஒரே கேள்விதான் இருக்கும்: அந்த ஷூ யாருடையது?

பதில் எழுத வேண்டியது அவர்கள்.