அந்தப்புரத்தில் எட்டுப் படிகள்

[திரையில்: பெய்ஜிங், தடைசெய்யப்பட்ட நகரத்தின் சிவப்பு மதில்]

சீனப் பேரரசரின் அந்தப்புரம் என்றதும் பட்டு, நகை, பாலில் விஷம் என்று சீரியல் காட்சிகள்தான் ஞாபகத்துக்கு வரும். உள்ளே நடந்ததோ கிட்டத்தட்ட ஓர் அரசு ஆபீஸ். கிரேடு உண்டு, சம்பளம் உண்டு, பதவி உயர்வு உண்டு. ராஜினாமா மட்டும் கிடையாது.

கடைசியாக ஆண்ட சிங் வம்சத்தைப் பார்ப்போம். 'எண்கொடி' எனப்பட்ட, எட்டுக் கொடிகளின் கீழ் பிரிக்கப்பட்ட படையைச் சேர்ந்த குடும்பங்களின் பெண்களை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அரண்மனைக்கு வரவழைப்பார்கள். வயது 13 முதல் 17 வரை. இந்தத் தேர்வில் கழித்துவிட்ட பிறகுதான் வெளியே அவளுக்குக் கல்யாணமே பேச முடியும்.

[திரையில்: எட்டுப் படி வரைபடம்]

தேர்வானால் எட்டுப் படிகளில் ஒன்று. உச்சியில் பேரரசி: வருடத்துக்கு 1,000 லியாங் வெள்ளி, பத்துப் பணிப்பெண்கள். அடிப்படியில் 'தாயிங்': 30 லியாங், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல், இரண்டே பணிப்பெண்கள். சாப்பாட்டிலும் இதே கணக்குதான். பேரரசிக்கு தினமும் 16 ஜின் பன்றி இறைச்சி, சுமார் ஒன்பதரை கிலோ! ஒரு ஆள் தின்கிற அளவா அது? அந்தஸ்தைக் காட்டுகிற அளவு. தாயிங்குக்கு ஒன்றரை ஜின்.

இரவு யாருடன் என்பதைப் பேரரசர் சாப்பாட்டு நேரத்தில் முடிவு செய்வார். துணைவியரின் பெயர்ப்பலகைகள் தட்டில் வரும், ஒன்றைத் திருப்பி வைப்பார், அவ்வளவுதான். விதையடிக்கப்பட்ட ஆண் ஊழியர்கள் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு கர்ப்பமானால் சரிபார்க்க வேண்டுமே.

குழந்தை பிறந்தால், அதுவும் ஆண் குழந்தையானால், மேலே ஏற வழி பிறக்கும். சிக்ஸி என்ற துணைவியைப் பாருங்கள். 1852-ல், மேலிருந்து எண்ணினால் ஆறாவது படியில் நுழைந்தார். 1854-ல் ஐந்தாவது. 1856-ல் மகன் பிறந்ததும் நான்காவது, மறு வருடமே மூன்றாவது. 1861-ல் அந்த மகன் அரியணை ஏற, 1908-ல் சிக்ஸி சாகும்வரை சீனாவின் பிடி பெரும்பாலும் இவர் கையில்தான் இருந்தது. ஆனால் இவரை வைத்து மற்றவர்களை எடைபோடக் கூடாது. பெரும்பாலானோர் நுழைந்த படிக்குப் பக்கத்திலேயே முடிந்துபோனார்கள்.

பேரரசர் இறந்தால்? சிங் காலத்தில் விதவைகளுக்கென்று தனி மாளிகைகள் இருந்தன. அதற்கு முந்தைய மிங் வம்சத்தில், ஆரம்ப காலத்தில், துணைவியரையும் சாகடித்துக் கூடவே அனுப்பினார்கள். 1464-ல் இறந்த பேரரசர்தான், இனி வேண்டாம் என்று தன் உயிலில் நிறுத்தினார்.

[திரையில்: டியான்ஜின், 1931]

சரி, அந்த ராஜினாமா? ஒருத்தர் கொடுத்தார். பெயர் வென்ஷியூ, கடைசிப் பேரரசர் பூ யியின் துணைவி. 1922-ல், பன்னிரண்டு வயதுச் சிறுமியாக வந்தவர். 1924-ல் எல்லோரும் அரண்மனையிலிருந்து விரட்டப்பட்டார்கள். 1931-ல், டியான்ஜின் நகரில் பூ யியுடன் இருந்த வீட்டைவிட்டுக் கிளம்பி, வக்கீல் வைத்து விவாகரத்தும் ஜீவனாம்சமும் வாங்கினார். நாடே கையில் இல்லாத பூ யி உடனே ஓர் ஆணை பிறப்பித்தார்: வென்ஷியூவின் பட்டம் பறிக்கப்படுகிறது, இனி அவர் சாதாரணப் பிரஜை.