மானை அழைக்கும் மணம்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்தியாவில் மானைச் சுட்டால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, இத்தனை மான்தான் என்ற வரம்போடு வேட்டைக்குப் போவார்கள். அந்தப் பருவத்தில் வேட்டைச் சாமான் கடைகளில் சின்னச் சின்னப் புட்டிகள் விற்கும். உள்ளே இருப்பது பண்ணையில் வளர்க்கும் பெட்டை மானின் சிறுநீர்.

எதற்கு இது? வெள்ளைவால் மான் கண்ணைவிட மூக்கைத்தான் நம்பும். இணைசேரும் காலத்தில் ஆண் மான் தாழ்ந்த கிளைக்கு அடியில் குளம்பால் மண்ணைச் சுரண்டும். பின்னங்காலின் உட்புறம் உள்ள சுரப்பிமேல் வழியும்படி அங்கே சிறுநீர் கழிக்கும். மேலே உள்ள கிளையில் நெற்றியைத் தேய்த்துவிட்டுப் போகும். பிறகு வரும் மான்கள் அதை மோந்தே, வந்துபோனது யார் என்று அறியும். பெட்டை பருவத்தில் இருப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதைத் தவறவிடாமலிருக்க ஆண் மான் மேலுதட்டைச் சுருட்டித் தலையை உயர்த்தும்; மேலண்ணத்தில் உள்ள தனி உறுப்பு அந்த மணத்தைப் பிரித்தறியும். துணியில் நனைத்துக் கட்டும் சில சொட்டுகள் இந்த இயல்பைத்தான் நம்பியிருக்கின்றன. சில வேளை பலிக்கும். மனித வாடை காற்றோடு மானுக்கு எட்டிவிட்டால் பலிக்காது. தேர்ந்த வேட்டைக்காரர் முதலில் பார்ப்பது காற்றின் திசையை.

கால்நடை மருத்துவனான என் கவலை வேறு. 1967-இல் கொலராடோவில், அடைத்து வளர்த்த மான்களிடம் ஒரு மெலிவு நோய் தென்பட்டது. இன்று அது முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. பிரியான் என்னும் உருத்திரிந்த புரதம் மூளையை அரிக்கும்; மான் எலும்பும் தோலுமாகிச் சாகும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நோய் வெளியே தெரியும் முன்பே எச்சில், சாணம், சிறுநீர் வழியாகப் பிரியான் வெளியேறுகிறது. மண்ணில் ஒட்டி ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். கொதிக்கவைத்தாலும் சாகாது.

சிறுநீரில் அதன் அளவு சொற்பம்தான். ஆனால் அதை ஊற்றுவது மான்கள் கூடி மோந்து நக்கும் இடத்தில் அல்லவா? வர்ஜீனியா மாநிலம் 2015-இல் இயற்கைச் சிறுநீரை வேட்டைக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. சரியான முடிவு என்பேன். செயற்கை மணங்கள் கடையிலேயே கிடைக்கின்றன. மக்காச்சோளத்தைக் குவித்துவைத்து மானை வரவழைப்பதும் எனக்கு உடன்பாடில்லை, ஒரே குவியலில் பல மான்கள் வாய்வைக்கும்.

மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் கண்ட மானின் இறைச்சியை உண்ணவேண்டாம் என்றே அங்குள்ள மருத்துவத் துறையினர் சொல்கிறார்கள். அங்கே வேட்டைக்குப் போகும் உறவினரோ நண்பரோ உங்களுக்கு இருந்தால், பரிசோதனை முடிவு வந்தபிறகு சமைக்கச் சொல்லுங்கள்.

வணக்கம்.