காற்று எந்தப் பக்கம்? மொரீஷியஸில் கடலும் கோல்ஃபும்

நேயர்களுக்கு வணக்கம்.

கடற்கரையில் ஒரு வாரம், கூடவே கோல்ஃப், இடம் மொரீஷியஸ். இப்படித் திட்டம் போடுகிறவர்கள் அநேகமாக முதலில் விடுதியைத்தான் பிடிக்கிறார்கள். அதைக் கடைசியில் செய்யுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். மாதம் தெரிந்தால் காற்று தெரியும். காற்று தெரிந்தால் தீவின் எந்தக் கரை என்பது தெரியும். விடுதி அதற்கப்புறம்.

நம் கடலோரத்தில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். மொரீஷியஸுக்கு ஒரே ஒரு காற்றைத் தெரிந்துகொண்டால் போதும்: தென்கிழக்குக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே குளிர்காலம். அப்போதுதான் அதன் வேகம் அதிகம். பெல் மார் இருக்கிற கிழக்குக் கரையில் அது நேராக வந்து அடிக்கும். நடுவில் மலையும் மேட்டுநிலமும் மறைப்பதால் மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக், தமரின் பக்கம் அடங்கியிருக்கும். மேற்கு என்றதும் லெ மோர்னையும் அதில் சேர்த்துவிடாதீர்கள். அது தென்மேற்கு முனை; காற்று வளைந்து வந்து சேரும். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்குகிறவர்கள் அந்தக் காற்றுக்காகவே அங்கே போகிறார்கள்.

கிழக்குக் கரையில் ஈல் ஓ செர்ஃப் என்ற குட்டித் தீவு இருக்கிறது. ஜெர்மன் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்து, 2003-இல் திறந்த 18 ஹோல் (பந்தைப் போடும் குழி) மைதானம் அங்கே உள்ளது. படகில்தான் போக வேண்டும். பல இடங்களில் முதல் அடியே தண்ணீரைத் தாண்டியாக வேண்டும். காற்று நாளில் ஒரு டஜன் பந்தாவது பையில் இருக்கட்டும்.

காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. எதிர்க்காற்று மணிக்கு ஒரு மைல் கூடினால், தூரத்தை ஒரு சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். குழியைக் காட்டும் கொடி 150 கஜத்தில், எதிரே 10 மைல் காற்று என்றால் 165 கஜத்துக்கு உரிய பெரிய கிளப்பை, அதாவது பந்தடிக்கும் மட்டையை, எடுக்க வேண்டும். பின்காற்றுக்கு அதில் பாதிதான் கழிக்கலாம்; 142, 143 கஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலரும் கிளப்பை மாற்றாமல் ஓங்கி அடித்துப் பார்க்கிறார்கள். ஓங்கி அடித்தால் பின்சுழற்சி, அதாவது பந்து பின்னோக்கிச் சுழல்வது, கூடுகிறது. பந்து மேலே எழும்பி, அப்படியே நின்று, பாதியில் விழுந்துவிடுகிறது. பெரிய கிளப், முக்கால் வீச்சு. மறுபடியும் சொல்கிறேன்: பெரிய கிளப், முக்கால் வீச்சு.

காலையில் காற்று குறைவு, அதனால் டீ டைமை, அதாவது ஆட்டம் தொடங்கும் நேரத்தை, காலையிலேயே வாங்குங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜூன் மாதம் அங்கே மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். 18 ஹோலுக்கு நாலரை மணி நேரம் வையுங்கள். ஒன்றரை மணிக்கு ஆரம்பித்தால் கடைசி ஹோலில் பந்து கண்ணுக்குத் தெரியாது.

விடுதிக்கு எழுதும்போது கட்டணத்தைப் பிரித்துக் கேளுங்கள். தங்குகிறவர்களுக்கு கிரீன் ஃபீ (மைதானக் கட்டணம்) இல்லை என்பார்கள்; பக்கி (மைதானத்தில் ஓட்டும் சின்ன வண்டி) வாடகை தனியாக இருக்கும். ஆட்டத் திறமையைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழ் வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இனி கோல்ஃப் பை. விமானத்தில் அதிகம் உடைவது டிரைவர் என்கிற கிளப்தான், அதுவும் கழுத்தில். இருப்பதிலேயே நீளமானது அது. பை தலைகீழாக விழுந்தால் முழு அடியும் அதற்குத்தான். தலையைக் கழற்ற முடிகிற டிரைவர் என்றால் கழற்றி, சாக்ஸுக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவே வையுங்கள். முடியாவிட்டால் டிரைவரைவிட இரண்டு அங்குலம் நீளமான கம்பு ஒன்றைப் பைக்குள் செருகுங்கள். அடியைக் கம்பு வாங்கிக்கொள்ளும். மேலே ஒரு துண்டைச் சுற்றிவிடுங்கள். ஷூ அடியில் ஒட்டிய மண்ணை வீட்டிலேயே கழுவிவிடுங்கள். கோல்ஃப் பைக்கான எடை விதி விமானத்துக்கு விமானம் மாறும். டிக்கெட் எடுக்கும்போதே எழுத்தில் வாங்குங்கள்.

சின்ன விஷயம் ஒன்று. சன்ஸ்கிரீன் பூசிய கையோடு கிளப்பைப் பிடித்தால் வழுக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் புறங்கையால் பூசுங்கள், உள்ளங்கை காய்ந்தே இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் கிளப்புகளை ஈரத்துணியால் துடைத்துப் பிறகு உலரத் துடையுங்கள். உப்புக் காற்றில் பூச்சில்லாத வெட்ஜ் (கிட்டத்து அடிக்கான கிளப்) சீக்கிரமே துருவேறும்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை வருகிறது. கடற்கரையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். மாதத்தைப் பொறுத்தவரை அக்டோபர் நல்லது, மே மாதமும் நல்லது. ஜனவரி, பிப்ரவரியில் போனால் தைப்பூசக் காவடி பார்க்கலாம். அங்கே அன்று பொது விடுமுறை. ஆனால் அதுதான் புயல் காலம். மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்தால் யாரும் வெளியே போகக் கூடாது. பயணக் காப்பீட்டில் புயல் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆழமில்லாத கடல்தானே என்று வெறுங்காலோடு இறங்காதீர்கள். கடல் முள்ளெலியும் கல்மீனும் உண்டு, ரப்பர் ஷூ போடுங்கள். கல்மீன் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு வெந்நீரில் காலை வைத்து, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நன்றி, வணக்கம்.