கப்பல் அறைக்கு ஸ்பைக் பஸ்டர் வேண்டாம்: ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம் நேயர்களே. இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பெரியவரின் இரவுத் தூக்கம் இதில் அடங்கியிருக்கிறது, அதனால்தான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு உல்லாசக் கப்பலில் போகிறோம். நான், கணவர், மகன், என் அப்பா, நால்வரும் ஒரே அறை. அப்பாவுக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடும் தொந்தரவு உண்டு. முகக்கவசம் வழியாகக் காற்றை உள்ளே செலுத்தும் சிபாப் இயந்திரம் இல்லாமல் தூங்க மாட்டார். கப்பல் அறையில் இரண்டு மூன்று பிளக் பாயின்ட்தான் இருக்கும் என்கிறார்கள். வீட்டில் உள்ள ஸ்பைக் பஸ்டரை, அதாவது மின்னழுத்தம் திடீரென ஏறினால் காக்கும் பல பிளக் பெட்டியை, எடுத்துப் போகலாமா?"

வேண்டாம், சகோதரி. அது வீட்டிலேயே இருக்கட்டும். துறைமுகத்தில் பெட்டிகளை ஸ்கேன் செய்யும்போதே அதை எடுத்து வைத்துவிடுவார்கள், பயணம் முடிந்து இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். எனக்கே இது நடந்திருக்கிறது. நல்ல நிறுவனத்தின் பொருள், ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது, ஏன் பிடுங்குகிறீர்கள் என்று அங்கே நின்று வாதாடினேன். பிறகுதான் காரணம் புரிந்தது. புரிந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் இதை விரிவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம் வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று மின்னழுத்தம் உள்ள பேஸ் (phase), மற்றொன்று நியூட்ரல். நியூட்ரலை மின்வாரியம் மண்ணோடு இணைத்திருக்கிறது. கப்பலில் மண் ஏது? இரும்பு உடல்தான் உண்டு. பெரும்பாலான கப்பல்களில் எந்தக் கம்பியையும் அந்த இரும்போடு நேரடியாக இணைப்பதில்லை. அறைக்கு வரும் இரண்டு கம்பிகளிலுமே மின்னழுத்தம் இருக்கும். இதை வேண்டுமென்றே இப்படி அமைத்திருக்கிறார்கள். எங்கோ ஓரிடத்தில் ஒரு கம்பியின் உறை தேய்ந்து இரும்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் என்றால் டிரிப் ஆகி இருட்டாகிவிடும். நடுக்கடலில் அப்படி ஆகக் கூடாது. சுக்கானும் பம்புகளும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பழுது வந்தாலும் மின்சாரம் நிற்காது, அதற்குள் ஊழியர்கள் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வார்கள்.

ஸ்பைக் பஸ்டருக்குள் நாணயம் அளவில் சிறு வில்லைகள் இருக்கின்றன. மின்னழுத்தம் திடீரென்று ஏறினால், அந்த மிகுதியை எர்த் கம்பியின் பக்கம் தள்ளிவிடுவதுதான் அவற்றின் வேலை. கப்பலில் எர்த் என்றால் அந்த இரும்பு உடல்தான். கப்பலில் வேறொரு மூலையில் நான் சொன்ன அந்தப் பழுது ஏற்பட்டால், நம் அறையில் ஒரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள அழுத்தம் கூடிவிடும். வில்லை அதை நொடிப்பொழுதில் வந்து போகும் அதிர்ச்சி என்று எண்ணி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். ஆனால் அது போகாது, மணிக்கணக்கில் நிற்கும். வில்லை சூடேறும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும். இன்னொன்றும் இருக்கிறது. அதில் உள்ள சுவிட்ச் பல நேரங்களில் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். வீட்டில் அது போதும். கப்பலில், சிவப்பு விளக்கு அணைந்த பிறகும் மற்றொரு கம்பி உயிரோடுதான் இருக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013ஆம் ஆண்டில் இதற்கென்றே கப்பல்களுக்கு ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது.

இவ்வளவு பயம் தேவையா என்று தோன்றலாம். 2006 மார்ச் மாதத்தில், ஜமைக்காவுக்கு அருகே ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. அணைக்காத சிகரெட் நுனி காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. தீ அடுக்கடுக்காகப் பரவி, பயணி ஒருவர் இறந்தார். கடலில் தீயணைப்பு வண்டி வராது. கப்பல் ஊழியர்களேதான் அணைக்க வேண்டும். அதனால் அவர்கள் ஒரு சிறு பெட்டியைக்கூட விட்டுக்கொடுக்காமல் இருப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

சரி, சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போகலாமா? அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ராயல் கரீபியன் நிறுவனம் 2024 செப்டம்பரில் பல பிளக் பொருத்தும் பெட்டிகளையும் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. வேறு சில நிறுவனங்கள் சர்ஜ் பாதுகாப்பு, அதாவது நான் சொன்ன அந்த வில்லைகள், இல்லாததை அனுமதிக்கின்றன. நீங்கள் டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் பட்டியலைக் கிளம்பும் வாரத்தில் மறுபடியும் பார்த்துவிடுங்கள். பெட்டியின் அடியில் 'சர்ஜ்' என்றோ, ஜூல் கணக்கில் ஓர் எண்ணோ அச்சிட்டிருந்தால் அது அநேகமாக எந்தக் கப்பலிலும் ஏறாது.

உங்களுக்கு உண்மையில் அது தேவையும் இல்லை. நான்கு கைப்பேசி, ஒரு டேப்லெட், ஒரு கைக்கடிகாரம், இவை எல்லாமே யூஎஸ்பி வழியாகத்தான் சார்ஜ் ஆகின்றன. நான்கு வாய் உள்ள 65 வாட் சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பிளக் பாயின்டில் எல்லாம் முடிந்துவிடும். யூஎஸ்பி வாய் மட்டும் உள்ள சார்ஜருக்குப் பொதுவாகத் தடை கிடையாது. எதை வாங்கினாலும் அதன் மேல் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருக்க வேண்டும். ஏனென்றால் பல கப்பல்களில் மேசை அருகே இரண்டு வகை பாயின்ட் இருக்கும்: ஒன்று தட்டைக் கால் போகும் அமெரிக்க வகை, 110 வோல்ட். இன்னொன்று உருண்டைக் கால் போகும் ஐரோப்பிய வகை, 220 வோல்ட். நம் ஊர் மூன்று கால் பிளக் இரண்டிலும் நுழையாது. இரண்டு கால் சார்ஜர் ஐரோப்பிய வகையில் பெரும்பாலும் போகும், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அந்த பாயின்ட் சுவரில் வட்டக் கிண்ணம்போல உள்ளே குழிந்திருக்கும். சதுரமான பெரிய சார்ஜர் கிண்ணத்தின் விளிம்பில் முட்டி, பாதிதான் நுழையும். ஒரு முறை நான் அப்படித்தான் செருகிவிட்டுத் தூங்கினேன். இரவு முழுவதும் கப்பலின் மெல்லிய அதிர்வில் அது இம்மி இம்மியாக நழுவி, விடியும்போது கம்பளத்தில் கிடந்தது. கைப்பேசியில் 9 சதவீதம். அன்று கரையிறங்கும் நாள்! ஆகவே சார்ஜரை நேரே சுவரில் செருகாமல், ஒரு மீட்டர் கம்பியோடு வரும் வகையாக வாங்குங்கள். கம்பியின் முனையில் சிறிய பிளக் இருக்கும், கிண்ணத்துக்குள் கச்சிதமாக உட்காரும்.

இனி அப்பாவின் விஷயம். இதுதான் முதன்மையானது, ஒரு பாயின்ட் அவருக்கென்று ஒதுக்கியே தீர வேண்டும். கட்டில் ஓரத்தில் பிளக் பாயின்ட் இல்லாத கப்பல்கள் நிறைய. பழைய கப்பல்களில் மேசை ஒரு சுவரில், கட்டில் எதிர்ச் சுவரில் இருக்கும். சென்னையிலிருந்து 2023இல் இலங்கைக்குப் போகத் தொடங்கிய கார்டீலியா எம்பிரஸ் 1990இல் கட்டிய கப்பல். அந்தக் காலத்தில் பயணியின் கையில் ஒரு முகச்சவர இயந்திரம் இருந்தால் பெரிது. அதனால் இப்போதே கப்பல் நிறுவனத்துக்கு எழுதி, அப்பா சிபாப் பயன்படுத்துகிறார், கட்டில் வரை எட்டும் நீளமான கம்பி வேண்டும், ஈரப்பதத் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும் என்று கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் சிறப்புத் தேவைகளுக்கென்று தனிப் படிவமே வைத்திருக்கின்றன. அவர்களே கொடுக்கும் கம்பி கப்பலுக்கு ஏற்றதாக இருக்கும். வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தைக் கப்பலில் ஏறும்போது ஊழியரிடம் கொடுத்தனுப்பும் பெட்டியில் வைக்காதீர்கள். அந்தப் பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும், சில நேரம் இரவும் ஆகும். விமானத்திலும் அப்படியே, அது உங்கள் தோளில்தான் இருக்க வேண்டும்.

பவர் பேங்க் பற்றிச் சுருக்கமாக. விமானத்தில் அதைக் கைப்பையில் மட்டுமே வைக்கலாம். 20,000 எம்ஏஹெச் என்றால் 74 வாட்-மணி, விமானத்துக்கான வரம்பான 100க்குள் வருகிறது, பிரச்சினை இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதன் மலிவுக் கட்டண விமான நிறுவனமான ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் சார்ஜ் செய்யவும் தடை விதித்திருக்கின்றன. கப்பல் அறையில் அதைத் தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டுவிட்டு உணவுக்கூடத்துக்குப் போகாதீர்கள். அறையில் ஆள் இருக்கும்போது, மேசைமேல் வைத்துப் போடுங்கள்.

குளியலறையில் கண்ணாடி அருகே ஒரு பாயின்ட் தென்படும். 'ஷேவருக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். மகனுக்குச் சொல்லிவையுங்கள், டேப்லெட்டை அதில் மாட்ட வேண்டாம். அது சில வாட் மட்டுமே தாங்கும். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் இரண்டையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

கடலுக்குள் போனதும் நால்வரின் கைப்பேசியையும் விமானப் பயன்முறையில் வைத்து, வைஃபை மட்டும் போடுங்கள். கோபுரம் தேடித் தேடியே கைப்பேசி பாதி சார்ஜைத் தின்றுவிடும். கப்பலின் செயற்கைக்கோள் ரோமிங் கட்டணத்திலிருந்தும் தப்பிக்கலாம்.

சில கப்பல்களில் கதவருகே சாவி அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும். அட்டையை எடுத்ததும் சார்ஜும் நிற்கிறதா என்று முதல் நாளே எடுத்துப் பார்த்துவிடுங்கள். அதே கையோடு, பெட்டியைப் பிரிக்கும் முன்பே, அப்பாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லி முகக்கவசத்தை மாட்டி இயந்திரத்தை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். கம்பி எட்டவில்லை என்றால் அப்போதே அறைப் பணியாளரைக் கூப்பிடலாம். மாலை ஆறு மணிக்குக் கேட்டால் கொண்டுவந்து கொடுப்பார், நள்ளிரவில் அவரும் தூங்கப் போயிருப்பார்.