அது அர்ச்சுனன் தபசேதான்!

நடுவர் அவர்களே, வணக்கம். நேரே மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்துக்கு வருகிறேன். அதில் இருப்பது சிவனிடம் வரம் கேட்டு அர்ச்சுனன் செய்த தபசா, பகீரதன் தபசால் கங்கை இறங்கும் காட்சியா என்பதுதானே வழக்கு?

எதிரணித் தலைவர் சொன்னார்: "1914இலேயே கோலுபேவ் என்ற அறிஞர் பிரெஞ்சில் எழுதிவிட்டார், இது கங்கை இறங்கும் காட்சி என்று. இவர்கள் இன்னும் கூத்துப் பார்க்கிற ஜனங்கள் வைத்த பெயரைப் பிடித்துத் தொங்குகிறார்கள்!" கைதட்டலும் வாங்கினார்.

கூத்துப் பார்க்கிற ஜனங்கள்! ஐயா, அந்த ஜனங்களில் ஒருத்தி என் அம்மா.

செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு அன்றைக்குப் பனைமரத்தை நட்டு, படி அடித்து, உச்சியில் பரண் கட்டுவார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறுவார். ஒரு படி, ஒரு பாட்டு. இன்னொரு படி, இன்னொரு பாட்டு. கீழே பிள்ளையில்லாத பெண்கள் ஈரப்புடவையோடு மடியேந்தி நிற்பார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் விழும்.

முதல் வருஷம் அம்மா நின்றாள். பழம் பக்கத்து வீட்டு அக்கா மடியில் விழுந்தது. இரண்டாம் வருஷம் அம்மா விரலில் பட்டு, உருண்டு, வேறொருத்தி கைக்குப் போனது. மூன்றாம் வருஷம் நிற்கமாட்டேன் என்றாளாம். பாட்டிதான் இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு விழுந்தது பழம், அம்மா மடியில்! அடுத்த வருஷம் பிறந்தவன்தான் உங்கள் முன்னால் பேசுகிறேன். அந்த ஜனங்களுக்கா அர்ச்சுனனை அடையாளம் தெரியாது?

பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் இருக்கிறார்களே, அதில் தண்ணீர் விட மேலே தொட்டி இருந்த தடம் இருக்கிறதே என்றார் எதிரணித் தலைவர். இருக்கட்டும். அர்ச்சுனன் தபசு செய்தது இமயத்தில். அங்கே கங்கை ஓடாதா? பகீரதன் கதையென்றால் சிவன் சடையில் அல்லவா கங்கையைத் தாங்க வேண்டும்? இங்கே தபசியின் பக்கத்தில் நின்று வரம் கொடுக்கிறார். ஆய்வாளர் மயிலை சீனி. வேங்கடசாமி இதைச் சமணக் கதை என்றார். படித்தவர்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு தீரவில்லை, ஐயா!

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஒருநாள் அந்தப் பாறை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். யானையைப் பார்க்கவில்லை. எலிகளுக்கு நடுவே தபசு செய்யும் பூனையைப் பார்க்கவில்லை. விலா எலும்பு தெரிய, ஒற்றைக்காலில், கை தூக்கி நிற்கிறவரையே பார்த்தாள்.

"எவ்ளோ நாளாடா இப்படியே நிக்கறாரு?"

"1300 வருஷத்துக்கு மேலம்மா."

கம்பிவேலி ஓரத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், நடுவர் அவர்களே.