கடைசி வரிசையில் நிற்பவரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தற்காப்பு சொல்லித் தருகிறோம், துப்பாக்கி சுடக் கற்றுக் கொடுக்கிறோம் என்று ஒரு பள்ளி விளம்பரம் செய்கிறது. அது நல்ல பள்ளியா, இல்லையா என்பதை, அந்தத் துறையே தெரியாத ஒரு அம்மாவோ அப்பாவோ எப்படிக் கண்டுபிடிப்பது? இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மலேசியப் போலீஸ் படையில் ஆயுதப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், இப்போது சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடத்துகிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

தற்காப்பு சரி, தோட்டப்புறத்து ஆட்களுக்குத் துப்பாக்கி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் செக்குரிட்டி வேலைக்குப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வங்கி வாசலில், நகைக்கடையில், பணம் ஏற்றும் வேனில் பம்ப் கன்னோடு, அதாவது முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் நீளத் துப்பாக்கியோடு, நிற்பவர் யார்? லயத்து வீட்டில் வளர்ந்து, தோட்டம் கைமாறியதும் டவுனுக்கு வந்த குடும்பத்துப் பையன்தான். ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

இந்த ஊருக்குத் துப்பாக்கியின் கதையும் தெரியும். 1948 ஜூன் 16ஆம் தேதி, இங்கே எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் பிரகடனம் ஆனது. அந்தக் காலத்தில் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவனுக்குத் தூக்குத் தண்டனை வரைக்கும் இருந்தது. அவசரகாலம் முடிந்த 1960லேயே ஆயுதச் சட்டம் வந்தது, 1971ல் தண்டனையை இன்னும் கடுமையாக்கும் துப்பாக்கிச் சட்டம் வந்தது. இன்றைக்கும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 ரோத்தான் (பிரம்பு) அடி. அசல் போலவே இருக்கும் போலித் துப்பாக்கியையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. அதனால் யாராவது துப்பாக்கிப் பயிற்சி என்று சொன்னால், முதலில் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். பாதுகாவலர் நிறுவனங்கள் 1971ஆம் ஆண்டு தனியார் நிறுவனச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சிடம் உரிமம் வாங்க வேண்டும், துப்பாக்கிக்குப் போலீஸ் அனுமதி தனி. காட்டத் தயங்குகிறார்களா, எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாவில் ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு வாங்கி வரும் சான்றிதழுக்கும் இங்கே ஒரு மதிப்பும் இல்லை, அதை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள்.

சரி, அனுமதி இருக்கிறது. அப்புறம் எதைப் பார்ப்பது? எந்தப் பள்ளியும் தன் சிறந்த மாணவனைத்தான் முன்னால் நிறுத்தும், அலமாரியில் கோப்பை இருக்கும், சுவரில் பெரிய மனிதர்களோடு எடுத்த படம் இருக்கும். நான் சொல்வது, அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு முழு வகுப்பு உட்கார்ந்து, கடைசி வரிசையில் தடுமாறிக்கொண்டு நிற்கும் மாணவரை மட்டும் பாருங்கள். கெட்டிக்கார மாணவன் எந்த வாத்தியாரிடமும் தேறிவிடுவான். தடுமாறுகிறவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதில்தான் வாத்தியாரின் தரம் தெரியும்.

சுடும் திடலில் இதை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். அமெரிக்க மரின் படை அதிகாரியாக இருந்த ஜெஃப் கூப்பர் என்பவர் 1976ல் அரிசோனாவில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார், அவர் பரப்பிய நான்கு விதிகளைத்தான் இன்று உலகம் முழுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை, அழிக்க விரும்பாத எதன்மேலும் குழல் வாயைத் திருப்பாதே, குறி பார்க்கும் வரை விசையில் விரல் வைக்காதே, இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இதைச் சுவரில் எழுதி மாட்டுவது எளிது. ஒரு புதுப் பையன் தோட்டா சிக்கிக்கொண்டு, பதற்றத்தில் துப்பாக்கியோடு அப்படியே திரும்பி 'சார்' என்று கூப்பிடுவான் பாருங்கள், திடலிலேயே ஆபத்தான நொடி அதுதான். நல்ல பயிற்றுநர் அவன் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் ஏற்கெனவே நின்றிருப்பார். அவன் தோள் திரும்பும் முன்பே பிடித்து நிறுத்தி, குழலை இலக்குப் பக்கமே வைக்கச் சொல்லி, மொத்தத் திடலையும் நிறுத்துவார், அப்புறம் நிதானமாக விளக்குவார். மோசமானவர் இருபது பேருக்கு ஒருவராகப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து ஹேண்ட்போன் பார்த்துக்கொண்டிருப்பார், அல்லது எல்லார் முன்னாலும் அவனைக் கேவலமாகத் திட்டுவார். திட்டு வாங்கியவன் அடுத்த முறை கோளாறு வந்தால் கையைத் தூக்கிச் சொல்ல மாட்டான், மறைத்துவிடுவான். அதுதான் எனக்குப் பயம்.

ஏன் என்றால் சில கோளாறுகளை மறைத்தால் கை போய்விடும். சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக, 'புஸ்' என்று வந்தால், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்து ஒன்று சுட்டால் குழல் வெடிக்கும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், தாமதித்து வெடிக்கவும் வாய்ப்பு உண்டு, குழலை இலக்கை நோக்கியே வைத்துக் குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் பயிற்றுநரிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள். ஒழுங்காகத் தெரிந்தவர் கேள்வி முடியும் முன்பே பதில் சொல்வார். பம்ப் கன்னைப் பற்றியும் கேளுங்கள்: பெரும்பாலான பம்ப் கன்களில் பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டும்தான் பூட்டும், உள்ளே தோட்டா இருக்கும்போது கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும். வங்கி வரிசையில் நிற்கும் மக்களின் முழங்கால் மட்டத்தில் குழலை நீட்டியபடி ஒரு காவலாளி நிற்பதைப் பார்த்தால் எனக்கு அவர்மேல் கோபம் வராது, அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்மேல்தான் வரும்.

காதுக்கவசமும் கண்ணாடியும் எல்லாருக்கும், பார்க்க வந்தவர்களுக்கும் கொடுக்கிறார்களா என்றும் கவனியுங்கள். துப்பாக்கி வெடி 140 டெசிபலைத் தாண்டும், அதில் போன காது திரும்பி வராது. முதல் தோட்டாவுக்கு முன்பே, யாருக்காவது அடிபட்டால் யார் 999க்கு அழைப்பது, இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டு எங்கே இருக்கிறது, எந்த வண்டி வெளியே கிளம்பும் என்று சொல்கிறார்களா? சொல்லாத இடத்தில் என் பிள்ளையை விடமாட்டேன்.

தற்காப்பு வகுப்புக்கும் இதே கண்தான். கடைசி வரிசையில் ஒரு பெண் மணிக்கட்டுப் பிடியிலிருந்து விடுபடப் பார்க்கிறாள், முடியவில்லை. அவளைப் பிடித்திருப்பவன் பாவம் பார்த்துத் தானே விட்டுவிடுகிறானா, வாத்தியாரும் 'நல்லது' என்று சொல்லிக் கைதட்டுகிறாரா? அந்தப் பெண்ணுக்கு அங்கே கிடைப்பது பொய்யான தைரியம், அது ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிடக் கெடுதல். நல்ல இடத்தில் பிடியின் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள், முடியாதபோது நிறுத்தச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கும், சொன்ன உடனே நிற்கும். அவள் உடம்புக்கு எது ஒத்துவரும் என்று தேடிக் கொடுப்பார்கள்.

கத்தியைப் பிடுங்கச் சொல்லித் தருகிறோம் என்பவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. ரப்பர் கத்தியின் ஓரத்தில் லிப்ஸ்டிக் தடவி, வாத்தியாருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, எதிரே நிற்பவனை இஷ்டம்போல் வீசச் சொல்லுங்கள். எத்தனை சிவப்புக் கோடு விழுகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். உண்மையான வாத்தியார் இதைத் தாமே செய்து காட்டிவிட்டு, அதனால்தான் முதலில் ஓடு, கத்து, கதவுக்கு அந்தப் பக்கம் போ என்று சொல்கிறேன் என்பார். பாராங்கத்தியோடு வருபவன் முன்னால் எந்த வித்தையும் உறுதி கிடையாது.

சட்டத்தையும் சொல்லித் தர வேண்டும். தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைக் கொடுக்கின்றன, 99ஆம் பிரிவு அதற்கு எல்லை போடுகிறது: போலீசிடம் போக நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் காயப்படுத்தவும் கூடாது. அவன் விழுந்துவிட்டான், இனி ஆபத்து இல்லை என்றான பிறகும் மிதிக்கச் சொல்லித் தரும் வாத்தியார், உங்கள் மகனை நீதிமன்றத்துக்கு அனுப்பத் தயார் செய்கிறார். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

கறுப்புப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. தேக்குவாண்டோவின் தலைமையகமான கொரியாவின் குக்கிவோன் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 'டான்' என்ற கறுப்புப் பட்டைத் தரம் தருவதில்லை, சிறுவர்களுக்கான 'பூம்' என்ற தகுதிதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு டான் என்று ஒரு பள்ளி கொடுத்தால், அந்தச் சான்றிதழ் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சங்கமாக நடத்துகிறவர்கள் 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு ஆணையரிடம் பதிந்திருக்க வேண்டும், அந்தக் கடிதத்தையும் கேட்கலாம். சிலம்பமோ சீலாட்டோ கராத்தேயோ, எந்தக் கலை என்பது இரண்டாவது விஷயம்.

முக்கியமானது, பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாது என்று கதவைச் சாத்தும் வகுப்பு. தொட்டுத்தான் சொல்லித் தர வேண்டிய கலை இது, அதனாலேயே கதவு திறந்திருக்க வேண்டும். எங்கே தொடப் போகிறேன், எதற்கு என்று சொல்லிவிட்டுத் தொடுகிறாரா? வகுப்பு முடிந்து பிள்ளையைத் தனியே நிறுத்தி வைக்கிறாரா, இரவில் தனியாகச் செய்தி அனுப்புகிறாரா? 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில் இப்படிப் பிள்ளையை வசப்படுத்துவதே குற்றம். சந்தேகம் வந்தால் அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, எந்நேரமும் அழைக்கலாம். ஊர்ப் பெரியவர் நடத்துகிறார் என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

கட்டணத்தை மாதாமாதம் கட்டுங்கள், ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். வகுப்பைப் பார்க்கப் போகும்போது முன்கூட்டியே சொல்லாமல் சாதாரண வார நாளில் போங்கள், முடியும் வரை உட்காருங்கள், கடைசி வரிசைப் பிள்ளையிடம் 'போன வாரம் முடியாத எது இந்த வாரம் முடிந்தது' என்று கேளுங்கள். பிள்ளை செய்து காட்டட்டும். இப்போது அழைப்புகளை எடுக்கலாம் என்று சொல்கிறார்கள், உங்கள் ஊர் வகுப்புகளைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், பள்ளியின் பெயர் மட்டும் வேண்டாம்.