குடியை நிறுத்தியவர் குடும்பத்துக்கு ஈடு செய்வது எப்படி?

[காட்சி: குடியாத்தம், விசைத்தறிக் கூடம்]

பல ஆண்டுகள் குடித்து, இப்போது நிறுத்தியிருக்கும் லுங்கி நெசவாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. மனைவி மகளிர் குழுவில் எடுத்த கடனின் தவணைப் பணமும் குடியில் போய்விட்டது. மகனின் பள்ளிக் கூட்டத்துக்குப் போதையில் சென்று அவனைத் தலைகுனிய வைத்ததும் உண்டு. குடித்த காலத்தில் ஒவ்வொரு விடியலிலும் மன்னிப்புக் கேட்டுப் பழகியவர் என்பதால், இன்னொரு மன்னிப்பு அந்த வீட்டில் செல்லுபடியாகாது.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய, குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு வகுத்த பன்னிரண்டு மீட்புப் படிகளில் எட்டாவது, தம்மால் பாதிக்கப்பட்டோரைப் பட்டியலிடச் சொல்கிறது. ஒன்பதாவது, இயன்ற இடத்திலெல்லாம் நேரடியாக ஈடு செய்யச் சொல்லி, அது அவர்களையோ பிறரையோ புண்படுத்துமெனில் விலகி நிற்கவும் சொல்கிறது. இந்த விலக்கு மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். தன் மனபாரத்தை இறக்கிவைப்பதற்காக, ஆறிவரும் புண்ணைக் கிளறும் உரிமை யாருக்கும் இல்லை.

[காட்சி: அடகுச் சீட்டு, தவணைப் புத்தகம்]

கூலியை மனைவியிடம் கொடுத்து, குழுக் கடனை முதலில் அடைத்து, பிறகு வட்டியோடு நகையை மீட்கலாம். மகனுக்குப் பட்டிருப்பது பணத்தால் தீரும் கடன் அன்று. அடுத்த கூட்டத்துக்கு வரலாமா என்று அவனையே கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் கோபிக்காமல் ஏற்க வேண்டும்.

“நான் உருப்படாதவன்” என்று தன்னையே ஏசிக்கொள்வது பொறுப்பேற்பதாகாது. அப்போது பாதிக்கப்பட்ட மனைவியே அவரைத் தேற்ற வேண்டியதாகிறது. அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் மீண்டும் குடியை நாடுவோரும் உண்டு. குடி அடிமைத்தனம் ஒரு நோய். நோயாளியானதற்காக அவர் கூச வேண்டியதில்லை, ஆனால் நோயின்போது பட்ட கடன் அவருடையதே. சொன்ன நாளில் சொன்ன தவணையைக் கட்டும்போதுதான் தன் பேச்சின்மேல் அவருக்கே நம்பிக்கை பிறக்கிறது.

நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால், மருத்துவ உதவியோடுதான் நிறுத்த வேண்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது; 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

இடையில் மீண்டும் குடித்துவிட்டால், அன்றைக்கே வீட்டில் சொல்லி, கையில் மிஞ்சிய பணத்தை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, மருத்துவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும்.